சாட்சிக்கு யார் சாட்சி: காணி உறுதியிலிருந்து இணையப் பூட்டு வரை

யாழ்ப்பாணத்தில் ஒரு காணி உறுதியைக் கையில் எடுத்தால் பெரும்பாலானோர் பார்ப்பது எத்தனை பரப்பு, எல்லை எது, யார் விற்றார், யார் வாங்கினார் என்பதைத்தான். கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியை வாசிக்கிறவர்கள் குறைவு. ஆனால் ஆளை அடையாளம் காணும் வேலை முழுவதும் அந்தக் கடைசிப் பந்தியில்தான் நடந்திருக்கும். கையொப்பம் வைத்தவரை எனக்குத் தெரியும் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். இல்லாவிட்டால், அவரை எனக்குத் தெரியாது, சாட்சிகள் இருவரையும் தெரியும், சாட்சிகளுக்கு அவரைத் தெரியும் என்று எழுதியிருப்பார்.

இது மரியாதைக்கு எழுதும் வாசகம் இல்லை. காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. கையொப்பமிடுகிறவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகள் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பது நொத்தாரிசுமாரை ஆளும் சட்டத்தின் கட்டளை. விற்பவரை வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால் சாட்சிக்கு விற்பவரைத் தெரியும், நொத்தாரிசுக்குச் சாட்சியைத் தெரியும், நொத்தாரிசை அரசாங்கத்துக்குத் தெரியும். கணினிக்காரர் நம்பிக்கைச் சங்கிலி என்று சொல்வது இதைத்தான். உங்கள் கைத்தொலைபேசியில் வங்கியின் தளம் திறக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

சங்கிலி ஏன் தேவைப்படுகிறது என்று பார்க்க கிராம அலுவலர் தரும் வதிவிட, நற்சான்றிதழ் நல்ல உதாரணம். (விதானை முறை 1963 இல் ஒழிந்துவிட்டது. ஆனால் பல வீடுகளில் அவர் இன்னமும் விதானையார்தான்.) அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. விண்ணப்பதாரரைக் கிராம அலுவலருக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமா? தெரியுமென்றால் எவ்வளவு காலமாக? நான் பார்த்த அரசாங்கப் படிவங்களில் இவ்வளவு நேர்மையான கேள்வி வேறில்லை. அவர் கையொப்பமிட்ட பிறகு பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். செயலாளருக்கு உங்களை அறவே தெரியாது. ஆனாலும் அந்த ஒப்பம் இல்லாமல் கடதாசி செல்லாது.

யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் 15 பிரதேச செயலகங்களும் இருக்கின்றன. கொழும்பில் இருக்கும் ஒரு அலுவலகத்துக்கு அந்த 435 கையெழுத்தும் தெரிய வழியில்லை. பிரதேச செயலகத்தைத் தெரியும். உங்களைத் தெரிந்தவரைக் கொழும்புக்குத் தெரியாது, கொழும்புக்குத் தெரிந்தவருக்கு உங்களைத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் நடுவில் கையெழுத்துகள் வருகின்றன. தேசிய அடையாள அட்டையும் இதே பாதையில்தான் வருகிறது. கிராம அலுவலர் அல்லது பாடசாலை அதிபர் உறுதிப்படுத்த, அங்கிருந்து மேலே போய், ஆட்பதிவுத் திணைக்களத்தில் அட்டையாக முடிகிறது.

அட்டை கைக்கு வந்ததும் சங்கிலி மறந்துபோகிறது, இலக்கம் மட்டும் நிற்கிறது. அந்த இலக்கத்தில் இரகசியம் எதுவும் இல்லை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2016 இல் வந்த 12 எண் இலக்கத்திலும் அடிப்படை இதுவே. கடைசியில் வரும் சரிபார்ப்பு எண், யாரோ எண்ணைப் பிழையாக எழுதிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க மட்டும் உதவும். இருந்தும் தொலைபேசியில் யாராவது உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொன்னால், ஆள் உத்தியோகபூர்வமானவர்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கடை கடையாகப் போட்டோக்கொப்பி கொடுத்துவிட்ட இலக்கம் அது.

கொப்பி என்றதும் சமாதான நீதவானின் முத்திரை ஞாபகத்துக்கு வருகிறது. மூலப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்த்து உறுதிப்படுத்தியது என்று றப்பர் முத்திரை குத்தி ஒப்பமிடுவார். அந்த ஒப்பம் உண்மையிலேயே அந்த நீதவானுடையதா என்று கடதாசியை வாங்குகிற மேசையில் யாராவது பார்த்து நீங்கள் கண்டிருக்கிறீர்களா? முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். கண்ணி இருந்தும் அதை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. கணினி உலகம் கடதாசியை வெல்கிற இடம் இதுதான். அங்கே ஒவ்வொரு ஒப்பமும், ஒவ்வொரு தடவையும், யாரும் சொல்லாமலே சரிபார்க்கப்படுகிறது.

அது எப்படி என்று பார்ப்போம். 1976 இல் கணினி ஆய்வாளர்களான விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஒருவரிடம் ஒரு சோடித் திறப்புகள், அதாவது சாவி போலப் பயன்படும் இரண்டு எண்கள், இருக்கும். ஒன்றை ஊருக்கே கொடுத்துவிடலாம், மற்றதை வெளியே காட்டக்கூடாது. தனித் திறப்பால் ஒப்பமிட்டதை பொதுத் திறப்பை வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம், ஆனால் அந்த ஒப்பத்தைப் போலியாக உண்டாக்க முடியாது. அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் இதைச் செய்து காட்டும் கணக்கைக் கொண்டுவந்தார்கள்.

கணக்கு சரி. ஆனால் இந்தப் பொதுத் திறப்பு இன்னாருடையது என்று எனக்கு யார் சொல்வது? டிஃபியும் ஹெல்மனும் தொலைபேசிப் புத்தகம் மாதிரி ஒரு பொதுக் கோவையை நினைத்தார்கள். உலகமே ஒரு புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது தாங்காது. 1978 இல் எம்.ஐ.டி. மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தன் இளமாணிப் பட்ட ஆய்வில் வேறு வழி சொன்னார். பெயரையும் பொதுத் திறப்பையும் ஒரே துண்டில் எழுதி, நம்பிக்கையான ஒருவர் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடட்டும். ஆள் அந்தத் துண்டைத் தானே கொண்டு திரியலாம், கோவையைக் கேட்க வேண்டியதில்லை. சான்றிதழ் என்று இன்று சொல்வது அந்தத் துண்டுதான். விதானையாரிடம் வாங்கிய கடதாசியைக் கோவைக்குள் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிற அதே ஏற்பாடு.

வங்கித் தளத்தின் சான்றிதழில் ஓர் இடைநிலை நிறுவனம் ஒப்பமிட்டிருக்கும், அந்த இடைநிலைக்கு மேலே உள்ள ஒன்று ஒப்பமிட்டிருக்கும். மேலே போகப் போக ஓரிடத்தில் தனக்குத் தானே ஒப்பமிட்ட சான்றிதழ் ஒன்று வரும். அதற்கு வேர் என்று பெயர். அதற்கு மேல் யாரும் இல்லை. உலாவி அந்த வேரைச் சரிபார்ப்பதில்லை, தன்னிடம் உள்ள பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பட்டியலில் இருந்தால் தளம் திறக்கும், பல உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமும் வரும். இல்லாவிட்டால் எச்சரிக்கை.

இந்தச் சங்கிலி எதைச் சொல்கிறது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த இணைய முகவரியைக் கையில் வைத்திருப்பவர்தான் மறுமுனையில் இருக்கிறார் என்பதற்கு மேல் அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் நல்லவர், கடை உண்மையான கடை, காசு திரும்பி வரும் என்று எதற்கும் அது உறுதி தரவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவை 2015 இறுதியிலிருந்து இலவசமாகவே சான்றிதழ் கொடுக்கிறது. கேட்பவர் அந்த முகவரியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாரா என்று இயந்திரம் பரிசோதிக்கும். "எவ்வளவு காலமாகத் தெரியும்" என்ற கேள்வியே அங்கு இல்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஏமாற்றுத் தளம் நடத்துபவருக்கும் அந்தப் பூட்டு முறைப்படி கிடைக்கும். மக்கள் பூட்டைப் பார்த்து அளவுக்கு மேல் நம்புகிறார்கள் என்று கண்டுதான் 2023 இல் கூகுள் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. நற்சான்றிதழை வைத்துக் கடன் கொடுத்துவிட்டு விதானையாரோடு சண்டைக்குப் போனால் அவர் என்ன செய்வார்? அவர் சொன்னது ஆள் இந்த ஊரில் இருக்கிறார், தனக்குத் தெரிந்தவரை பழுதில்லை என்பதை மட்டுமே.

மேலிருந்து கீழே தொங்கும் சங்கிலியைத் தவிர இன்னொரு வகையும் இருக்கிறது. கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி யாரும் பிரதேச செயலகத்தில் விசாரிப்பதில்லை. பொடியன் படித்த பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஆள் யார், லண்டனில் அதே வேலையிடத்தில் இருப்பவர் யார், ஊரில் பக்கத்து வீட்டில் யார் என்று தேடி, "ஆக்கள் எப்பிடி?" என்று மூன்று திசையில் கேட்பார்கள். 1991 இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற மறையாக்க மென்பொருளின் நம்பிக்கை வலை இதே போக்கில் அமைந்தது. அதில் தலைமை நிறுவனம் இல்லை. ஒருவர் திறப்பில் மற்றவர் ஒப்பமிடுவார். அதன் வழிவந்த ஜி.என்.யு.பி.ஜி. மென்பொருளின் இயல்பு அமைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். நீங்கள் முழுதாக நம்பும் ஒருவர் ஒப்பமிட்டிருந்தால் அது போதும். அரைகுறையாக நம்புகிறவர்கள் என்றால் மூன்று பேர் வேண்டும். சங்கிலி ஐந்து படிக்கு மேல் நீளக்கூடாது. எங்கள் பெரியம்மாமார் யாரும் எழுதி வைக்காத விதி, அங்கே எண்ணாக இருக்கிறது.

இன்னொன்றையும் அந்த மென்பொருள் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒருவர் யாரென்று தெரிவது வேறு, அவர் சொல்லும் சிபாரிசை நம்புவது வேறு. மாமா தங்கமான மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கிற எல்லாரையும் "நல்ல பொடியன்" என்று சொல்லிவிடுவார், ஆகவே அவர் வாக்குக்கு விசாரணையில் பெறுமதி குறைவு. வலையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு வைக்கலாம். மென்பொருளால் பிடிக்க முடியாதது வேறொன்று. மூன்று பேரும் ஒரே தரகரிடம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள் என்றால் அது மூன்று சாட்சி இல்லை, ஒரு சாட்சி. பெரியம்மா அதை இரண்டாவது தொலைபேசி அழைப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த வலை பெரிய அளவில் பரவவில்லை. யாருடைய திறப்பிலும் எவரும் ஒப்பத்தை ஏற்றிவிடலாம் என்று திறப்புகளைச் சேர்த்து வைக்கும் பொதுச் சேவையகங்கள் திறந்து கிடந்தன. 2019 இல் யாரோ இந்தத் துறையில் அறியப்பட்ட இருவரின் திறப்புகளில் பல்லாயிரக்கணக்கான குப்பை ஒப்பங்களை ஏற்றினார்கள். அந்தத் திறப்புகளை இறக்கிய கணினிகளில் மென்பொருள் திணறியது. விசாரிக்கும் ஆட்களை நாமே தெரிவுசெய்வதால்தான் கலியாண விசாரணை வேலை செய்கிறது. வருகிறவர் எல்லாரும் வாசலில் நின்று சிபாரிசு சொல்ல விட்டால் அங்கும் இதே கதிதான்.

வலையின் பலத்தை நாங்கள் கண்ட இடம் உறுதிகளில்தான். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் ஏறக்குறைய முழுதாக இடம்பெயர்ந்தபோது பெட்டிகளும் அலுமாரிகளும் வீட்டோடு நின்றன. திரும்பி வந்தபோது பலரிடம் உறுதி இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்து உறுதியில் எல்லை எழுதும் முறையைக் கவனியுங்கள். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருக்கு உரித்தான காணி, மேற்கு இன்னாரின் மகள் இன்னாருக்கு உரித்தான காணி. உங்கள் உறுதி தொலைந்தாலும் அயலவரின் உறுதியில் உங்கள் பெயர் எல்லையாக நிற்கிறது. ஒவ்வொரு உறுதியும் தன் காணியைச் சொல்லும்போதே நான்கு அயலுக்கும் சாட்சி சொல்லிவிடுகிறது. இதோடு நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் இருந்தது. மேலிருந்து வந்த சங்கிலி அறுந்த இடத்தில் அயல் வலை ஆளைப் பிடித்துக்கொண்டது.

சரி, வேருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் காணி உரிமையை இன்றும் ஆளும் தேசவழமையின் வேர் எங்கே? 1700 களின் தொடக்கத்தில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இந்த ஊர் வழமைகளை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். யான் பிரூஸ் அதைத் தமிழில் பெயர்த்தார். பிறகு 12 முதலியார்களிடம் அதைக் கொடுத்து, எங்கள் வழமை இதுதான் என்று அவர்கள் ஒப்பம் வைத்த பிறகே 1707 இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. 1806 இல் ஆங்கிலேயர் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த 12 பேருக்கும் யார் சாட்சி என்று தோண்டினால் கீழே எதுவும் வராது. அவர்கள் ஏற்கப்பட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் 12 பேரும் எந்தெந்தக் குடும்பங்களிலிருந்து வந்திருப்பார்கள், யாருடைய வழமை ஊர் வழமையாக எழுதப்பட்டிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம். வேராகத் தெரிவுசெய்யப்படுவது எப்போதும் ஓர் அதிகாரம்.

கைத்தொலைபேசியிலும் அப்படித்தான். அண்ட்ரொய்ட் அமைப்புகளுக்குள் பாதுகாப்புப் பகுதியில் தேடினால் நம்பகச் சான்றுகளின் பட்டியல் வரும். நூற்றுக்கும் மேல் இருக்கும். ஸ்பெயினின் நாணயச்சாலை, ஹொங்கொங் அஞ்சல் திணைக்களம், துருக்கி அரசின் ஆய்வு நிறுவனம் என்று நாம் கேள்விப்படாத பெயர்கள். ஆப்பிள், கூகுள், மைக்ரோசொஃப்ட், மொசில்லா என்ற நாலு அமைப்புகள்தான் பெரும்பாலும் இப்படியான பட்டியல்களில் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கின்றன. முதலியார் 12 பேர், இங்கே 4 பேர். பட்டியலில் உள்ள வேர்களில் ஏறக்குறைய எதுவொன்றும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் கொடுக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாத செய்தி. நல்லூர் விதானையார் மன்னாரில் இருப்பவருக்கு வதிவிடச் சான்றிதழ் கொடுத்தால் கேள்வி வரும். இங்கே பொதுவாக எல்லை இல்லை.

இது எவ்வளவு ஆபத்து என்பதை 2011 இல் உலகம் கண்டது. மறுபடியும் ஒல்லாந்துதான், என்ன செய்ய. அங்கிருந்த டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து 531 போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்று google.com முகவரியின் கீழ் வரும் தளங்களுக்கெல்லாம் செல்லும். ஊடுருவலை ஜூலையிலேயே நிறுவனம் கண்டுகொண்டது, ஆனால் வெளியே சொல்லவில்லை. ஈரானில் ஏறத்தாழ 300,000 இணைய முகவரிகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் மின்னஞ்சலைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் போலியைச் சந்தித்தார்கள். கணக்குப்படி எல்லா ஒப்பமும் சரி, சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறவில்லை. ஓகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவருக்கு குரோம் உலாவி எச்சரிக்கை காட்டியது. கூகுள் தளங்களுக்கு எந்தச் சான்றிதழ்கள் வரலாம் என்று அதற்குள் தனியாக எழுதி வைத்திருந்தபடியால்தான். அவர் அதைப் பொதுவில் கேட்க, விஷயம் வெடித்தது. செப்டெம்பரில் டிஜிநோட்டார் வங்குரோத்து ஆனது.

அந்த அடிக்குப் பிறகு சங்கிலியை இன்னும் இறுக்குவதோடு நிற்காமல் வேறொரு திசையிலும் யோசித்தார்கள். அதுவே என் பார்வையில் இந்தக் கதையின் சிறந்த பகுதி. 2013 இல் வரையறுத்து, 2018 இலிருந்து குரோம் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது. கொடுக்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் எழுதலாம், அழிக்க முடியாது, இடையில் எதையும் மாற்றினால் கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். சான்றிதழ் உண்மையா பொய்யா என்று பதிவேடு தீர்ப்புச் சொல்வதில்லை. இன்ன பெயருக்கு இன்ன நிறுவனம் இன்ன நாளில் கொடுத்தது என்று மட்டும் வைத்திருக்கும். தன் பெயரில் தான் கேட்காத ஒன்று ஏறினால் தளத்தின் சொந்தக்காரர் கண்டுகொள்ளலாம். போலி உண்டாவதை இது தடுக்காது. ஒளிந்திருப்பதைத் தடுக்கும்.

எங்கள் காணிப் பதிவகமும் கிட்டத்தட்ட இப்படியொரு பதிவேடுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறுதியைப் பதிந்துவிட்டேன், இனிப் பயமில்லை என்பார்கள். வழமையான ஆவணப் பதிவு முறையில், பதிவு உங்கள் உறுதிக்கு முந்துரிமை கொடுக்கும், அதிலுள்ள பிழையைத் திருத்தாது. விற்றவர் ஆள்மாறாட்டக்காரர் என்றால் பதிந்த பிறகும் அது ஆள்மாறாட்ட உறுதிதான். கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்களின் பூட்டிக் கிடக்கும் வளவுகளை அவர்களுக்குத் தெரியாமலே விற்ற வழக்குகள் யாழ் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டிருப்பது இதனால்தான். நொத்தாரிசுக்குச் சாட்சியைத் தெரியும், சாட்சி தனக்கு ஆளைத் தெரியும் என்கிறார். அந்தச் சாட்சியின் வாய்ச்சொல் பொய்யானால் மேலே உள்ள அத்தனை முத்திரையும் அந்தப் பொய்யையே கவனமாகச் சுமக்கின்றன.

அற்றோணித் தத்துவம் இன்னும் சிக்கல். வெளிநாட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் மைத்துனருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிறார். பத்து வருடம் கழித்து உறவு முறிகிறது. கொடுத்ததை இரத்துச் செய்தாலும், அந்த இரத்து மைத்துனர் நாளை கடதாசியை நீட்டப்போகும் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கணினி உலகம் இதே முட்டுக்கட்டையில் நீண்ட காலம் நின்றது. இரத்துப் பட்டியல்கள் இருந்தன, ஆனால் பட்டியல் கிடைக்காவிட்டால் பல உலாவிகள் பரவாயில்லை என்று உள்ளே விட்டன. இரத்து உரிய நேரத்தில் போய்ச் சேராது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு ஆயுளையே குறைக்கத் தொடங்கினார்கள். 2020 இல் உச்ச ஆயுள் 398 நாள் ஆனது. 2029 மார்ச்சில் 47 நாளுக்கு இறங்கும் என்று 2025 இல் முடிவாகிவிட்டது. கிராம அலுவலரின் சான்றிதழ் மேலொப்பமிட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும் என்ற விதியை எழுதியவர் இதை முன்பே புரிந்துவைத்திருக்கிறார். அற்றோணித் தத்துவத்திலும் இன்ன நாளோடு முடிகிறது என்று ஒரு வரி எழுதலாம். இன்ன காணிக்கு மட்டும், விற்க அதிகாரம் இல்லை, பராமரிக்க மட்டும் என்றும் எழுதலாம். பலர் எழுதுவதில்லை.

பதிவகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் காணியைத் தொடும் பத்திரம் ஏதாவது பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிக்கும்படி, கட்டணம் கட்டி, குறித்த காலத்துக்கு ஓர் அறிவித்தலை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். ஆவணப் பதிவுச் சட்டத்தில் பல காலமாக இருக்கும் ஏற்பாடு இது. டிஜிநோட்டாருக்குப் பிறகு இணையம் கண்டுபிடித்த கண்காணிப்பை இது பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அறிவித்தலில் கொடுக்கும் முகவரியில், வருகிற கடிதத்தைப் பிரித்து வாசிக்க யாராவது இருக்கவும் வேண்டும்.